கைப்பிடி இல்லாத பாத்ரூம் வேனிட்டி: புஷ் டு ஓப்பனா, கோலா புரொஃபைலா?

உளிமுனை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். வாடிக்கையாளர் ஒருவருக்குச் சுவரில் தொங்கும் வேனிட்டி (பேசினுக்குக் கீழே வரும் அலமாரி) செய்ய வேண்டும். வெளி அளவு 900 அகலம், மேல் கல்லின் ஆழம் 500, பெட்டி உயரம் 450 (எல்லாம் மி.மீ). மேலே 20 மி.மீ கிரானைட், அதன் மேல் 130 மி.மீ உயர டேபிள் டாப் பேசின். ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு ட்ராயர், கதவு வேண்டாம். முகப்பில் கைப்பிடி, குமிழ் எதுவும் தெரியக்கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறார். எங்கோ பார்த்த படத்தைக் காட்டி "தொட்டால் திறக்கிற மாதிரி" என்று கேட்கிறார்.

சுவரில் கழிவுநீர்க் குழாயின் மையம் தரையிலிருந்து 520, இரண்டு ஆங்கிள் காக் (சுவரில் தண்ணீரை அடைக்கும் வால்வு) 560 உயரத்தில். டைல்ஸ் ஒட்டி முடிந்துவிட்டது, குழாயை இனி நகர்த்த முடியாது.

என் சந்தேகங்கள்:

1. புஷ் டு ஓப்பன் (முகப்பை அழுத்தினால் உள்ளே இருக்கும் விசை ட்ராயரை வெளியே தள்ளும் அமைப்பு) பாத்ரூமுக்குச் சரிப்படுமா? இல்லை கோலா புரொஃபைல் (கைப்பிடிக்குப் பதில் விரல் நுழையப் பள்ளம் தரும் அலுமினியச் சட்டம்) அல்லது 45° சரிவு வெட்டில் போகலாமா?
2. குழாய் வருவதால் மேல் ட்ராயரின் பின்பக்கத்தை யு வடிவத்தில் வெட்டும்போது எவ்வளவு இடம் விட வேண்டும்?
3. கல், பேசின் எல்லாம் சேர்த்து இந்த எடையைச் சுவர் தாங்க என்ன பிடிமானம் போட வேண்டும்?

---

மரத்தூள்

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். முக அலங்கார மேசைக்கோ படுக்கையறை அலமாரிக்கோ என்றால் புஷ் டு ஓப்பன் போடுங்கள் என்று தயங்காமல் சொல்வேன். பேசினுக்குக் கீழே வேண்டாம்.

பேசின் முன்னால் நிற்பவர் இடுப்பைச் சாய்த்துத்தான் முகம் கழுவுவார். அந்த அழுத்தம் போதும், ட்ராயர் வெளியே வந்துவிடும். முகப்பைத் துணியால் துடைத்தாலும் திறக்கும். அதைவிட முக்கியமானது ஈரக்கை. ஒவ்வொரு முறையும் சோப்புக் கையால் முகப்பின் ஒரே இடத்தை அழுத்துவார்கள். மேட் லேமினேட்டில் அந்த இடம் சில மாதங்களில் கறையாகத் தெரியும். பெயின்ட் முகப்பாக இருந்தால் விளிம்பு வழியாக ஈரம் உள்ளே இறங்கும்.

இயந்திர ரீதியாகவும் சிக்கல் இருக்கிறது. உங்கள் ட்ராயர் 800 மி.மீக்கு மேல் அகலம், ஆழமோ அதில் பாதிதான். இப்படி அகலம் கூடின ட்ராயரை ஓரத்தில் அழுத்தினால் ஒரு பக்க விசை மட்டும் விடுபடும், மறுபக்கம் மாட்டிக்கொள்ளும். இரண்டு பக்கச் சேனலையும் (ட்ராயர் ஓடும் தடம்) இணைக்கும் தண்டு கட்டாயம் வேண்டும். அந்தத் தண்டு குறுக்கே ஓடுகிற இடத்தில்தான் உங்கள் யு வெட்டும் குழாயும் வருகிறது. முகப்புக்கும் பெட்டிக்கும் நடுவே 2 முதல் 3 மி.மீ இடைவெளியும் விட்டாக வேண்டும், இல்லையென்றால் அழுத்த இடமே இருக்காது. சாதாரண புஷ் அமைப்பில் சாஃப்ட் குளோஸ் (இடிக்காமல் மெதுவாக மூடுவது) கிடையாது. இரண்டும் சேர்ந்த அமைப்பு இருக்கிறது, ஆனால் அதற்கு அளவுகள் இன்னும் கறாராக அமைய வேண்டும்.

ஆக, கோலா. கல்லுக்கு அடியில் ஒரு எல் புரொஃபைல், இரண்டு ட்ராயருக்கு நடுவில் ஒரு சி புரொஃபைல். விரல் நுழைய 25 மி.மீ இடைவெளி. ஈரக்கை படுவது அலுமினியத்திலும் முகப்பின் மேல் விளிம்பிலும் மட்டும்தான்.

வாடிக்கையாளரிடம் வாயால் விளக்கிக்கொண்டிருக்காதீர்கள். 300 மி.மீ நீளத்தில் இரண்டு மாதிரி செய்து, கையில் சோப்பு போட்டுத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

---

இழைப்புளி

மரத்தூள் சொல்வதில் புஷ் வேண்டாம் என்பதை ஏற்கிறேன். ஆனால் கோலா உயரத்தைத் தின்னும். எல் புரொஃபைலுக்குப் பக்கப் பலகையில் சுமார் 58 உயரம், 26 ஆழம் வெட்ட வேண்டும். சி புரொஃபைலுக்குச் சுமார் 74 உயரம். புரொஃபைல் நிற்கிற உயரத்தில் ட்ராயர் பெட்டி வர முடியாது. 450 உயரத்தில் கணக்குப் போட்டால் முகப்பு 200 இருந்தாலும் உள்ளே பெட்டி 120தான் கிடைக்கும். ஷாம்பு பாட்டில் நிற்காது, படுக்கத்தான் வைக்க வேண்டும்.

45° சரிவு வெட்டில் முகப்பின் மேல் விளிம்பைப் பின்பக்கம் சரித்து வெட்டினால் போதும். பெட்டியின் முன்பலகையை முகப்பின் உச்சியிலிருந்து 30 மி.மீ இறக்கி வைத்தால் விரல் மடங்கும். மேல் ட்ராயரிலும் கீழ் ட்ராயரிலும் 30 மி.மீ அளவுக்கு உயரம் மிச்சம். வெனீர் முகப்புக்கு இது அழகும்கூட, நடுவில் அலுமினியக் கோடு வராது. கூர் முனையை அப்படியே விடக்கூடாது, 3 மி.மீ தட்டையாக விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் முதல் தட்டிலேயே சிதறும்.

---

மரத்தூள்

@இழைப்புளி உயரக் கணக்கு சரிதான். ஆனால் அந்தச் சரிவு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். முகப்பில் உயரம், பின்னால் தாழ்வு. கல்லின் விளிம்பிலிருந்து சொட்டுகிற தண்ணீர் அந்தச் சரிவில் விழுந்தால் நேராக ட்ராயருக்குள்தான் ஓடும். சரிவு வெட்டிய முகத்தில் எட்ஜ் பேண்டை (பலகை விளிம்பை மூடும் பட்டை) இயந்திரத்தில் ஒட்ட முடியாது, கையால்தான். முகப்பில் எட்ஜ் பேண்ட் முதலில் உரிகிற இடமும் அதுவாகத்தான் இருக்கும். அலுமினியம் நனைந்தால் துடைத்துவிடலாம். ஊதிப்போன பலகையை என்ன செய்வது?

சமையலறையில் உலர்ந்த பக்கம் என்றால் சரிவு வெட்டுக்கு என் ஓட்டும் உண்டு.

---

இழைப்புளி

கல்லுக்கு அடியில் சொட்டுக்காடி போட்டால் அந்தத் தண்ணீர் உள்ளே வராது. முன் விளிம்பிலிருந்து 10 மி.மீ உள்ளே தள்ளி, 4 மி.மீ அகலம், 4 மி.மீ ஆழத்தில் நீளவாக்கில் ஒரு காடி. தண்ணீர் கல்லின் அடிப்பரப்பில் ஒட்டிக்கொண்டு பின்னோக்கி ஓடப் பார்க்கும், காடியைத் தாண்ட முடியாமல் அங்கேயே சொட்டிவிடும். இதற்குக் கல் முகப்பைவிடக் குறைந்தது 20 மி.மீ முன்னால் நீட்டியிருக்க வேண்டும். முகப்போடு ஒட்ட வெட்டினால் காடி போட்டும் பயனில்லை.

கோலா போட்டாலும் இந்தக் காடி வேண்டும். கல் அறுக்கிறவரிடம் முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். பொருத்தின பிறகு போட முடியாது.

ஈரம் அதிகம் படுகிற வீடு, குழந்தைகள் இருக்கிறார்கள் என்றால் மரத்தூள் சொல்வதுபோல கோலாவே போகட்டும். மறுக்கவில்லை.

---

பைப்பும்பலகையும்

கோலா என்று வைத்துக்கொண்டு உங்கள் அளவிலேயே கணக்கை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். பெரும்பாலான தவறு வெட்டும்போது வருவதில்லை, இந்தக் கணக்கைப் போடாமல் விடுவதில்தான் வருகிறது.

உயரம்: பேசின் விளிம்பு தரையிலிருந்து 860 வர வேண்டும் என்றால் கல்லின் மேல்தளம் 730. கல் போக, பெட்டியின் உச்சி 710, அடி 260. உங்கள் கழிவுக்குழாய் 520 என்றால் பெட்டியின் அடியிலிருந்து 260 மேலே. அதாவது குழாய் மேல் ட்ராயரின் உயரத்தில் வருகிறது. நல்லதுதான். ஆனால் பாட்டில் ட்ராப்பின் (வாடை வராமல் தண்ணீரைத் தேக்கும் கழிவு இணைப்பு) கிண்ணம் குழாய் மையத்துக்குக் கீழே 60 முதல் 80 வரை இறங்கும். அப்படியானால் அதன் அடி, பெட்டியின் அடியிலிருந்து 180 உயரத்தில் நிற்கும். கீழ் ட்ராயரின் பின்பலகை அதற்குள் அடங்க வேண்டும். 120 உயரப் பெட்டி என்றால் அதன் உச்சி 150 சுமாருக்கு வரும், தப்பிக்கும். பெட்டியை 150 ஆக்க ஆசைப்பட்டால் இடிக்கும்.

அகலம்: கோலாவுக்காகப் பக்கப் பலகையில் வெட்டுகிற பள்ளம் வெளியிலிருந்து தெரியும். அதை மறைக்க இரண்டு பக்கமும் 18 மி.மீ மூடுபலகை தனியாக வேண்டும். அது முகப்போடு சமமாக முன்னால் வர வேண்டும். ஆக ஒரு பக்கத்துக்கு 36, இரண்டுக்கும் 72. உள் அகலம் 900 கழித்தல் 72, அதாவது 828. முகப்பு மூடுபலகைகளுக்கு நடுவே உட்காரும்: 864இல் பக்கத்துக்கு 2 மி.மீ விட்டால் 860.

ட்ராயர் பெட்டி: அண்டர்மவுண்ட் சேனல் (ட்ராயரின் அடியில் பொருத்துவது) போடுங்கள். 16 மி.மீ வரையிலான பக்கப்பலகைக்கு வருகிற சேனல்களில் பொதுவாக, ட்ராயரின் உள் அகலம் = கேபினட்டின் உள் அகலம் கழித்தல் 42. உங்களுக்கு 786. பக்கப்பலகை 12 மி.மீ என்றால் பெட்டியின் வெளி அகலம் 810, 16 என்றால் 818. பலரும் வெளி அகலத்தை வைத்துக் கணக்குப் போட்டுத் தவறுகிறார்கள். இந்தச் சேனலில் மாறாதது உள் அகலம்தான். அடிப்பலகை பக்கப்பலகையின் கீழ் விளிம்பிலிருந்து 13 மி.மீ மேலே ஏறியிருக்க வேண்டும், சேனல் அந்தப் பள்ளத்தில்தான் ஒளிந்துகொள்கிறது. நீங்கள் வாங்குகிற சேனலின் அளவுத்தாளை ஒருமுறை சரிபார்த்துவிட்டு வெட்டுங்கள்.

ஆழம்: கல் 500. அதில் 20 முன்நீட்டம், 18 முகப்பு. பெட்டி 462. இதில் 450 சேனல் நுழையும் என்று தோன்றும், போடாதீர்கள். பின்னால் ஆங்கிள் காக்குக்கு இடமே இருக்காது. 400 சேனல், 390 நீளப் பெட்டி. அப்போது ட்ராயரின் பின்புறம் சுவரிலிருந்து 72 மி.மீ தள்ளி நிற்கும்.

யு வெட்டு: பேசினின் கழிவுத்துளை சுவரிலிருந்து 250 என்று எடுத்துக்கொள்கிறேன், நீங்கள் பேசினை வைத்து அளந்துகொள்ளுங்கள். கழிவு இணைப்பின் பாதி அகலம் 35, விரல் நுழைந்து இறுக்க 40. ஆக, சுவரிலிருந்து 325 வரை யு வர வேண்டும். 325 கழித்தல் 72 என்றால் யு ஆழம் 253. முன்னால் மிஞ்சுவது 137. அகலத்தைக் கழிவுக்குழாய்க்கு மட்டும் பார்க்காதீர்கள். ஆங்கிள் காக்கும் அதில் இறுகும் ஹோஸ் நட்டும் 72 மி.மீக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும், அவையும் யுவுக்குள்தான் அடங்க வேண்டும். 260 அகலம் போதும். பக்கத்துக்கு 251 மி.மீ உள் அகலத்தில் இரண்டு நல்ல அறை கிடைக்கும்.

யு வெட்டினதும் பின்பலகை இரண்டு துண்டாகிவிடும், பெட்டி முறுக்கிக்கொள்ளும். அதனால் மேல் ட்ராயருக்கு அடிப்பலகை 6 மி.மீ வேண்டாம், 12 மி.மீ. யுவின் மூன்று சுவர்களையும் அடிப்பலகையோடு பசையும் திருகும் போட்டு இறுக்குங்கள், விறைப்பைக் கொடுப்பது அவைதான்.

கேபினட்டுக்கு முழுப் பின்பலகை வேண்டாம். மேலே 120, கீழே 100 அகலத்தில் இரண்டு குறுக்குச்சட்டம் மட்டும். நடுப்பகுதி திறந்திருந்தால் ட்ராயர்களைக் கழற்றிவிட்டு ஆங்கிள் காக்கை முழுதாகக் கையாளலாம்.

---

உளிமுனை

மிக்க நன்றி அண்ணா, 450 சேனல்தான் ஆர்டர் செய்வதாக இருந்தேன். கோலா என்று வாடிக்கையாளரிடம் பேசிவிடுகிறேன். பலகை 18 மி.மீ பி.டபிள்யூ.பி (கொதிநீரையும் தாங்கும்) ப்ளைவுட், இரண்டு பக்கமும் லேமினேட். இது போதுமா? சுவர் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

---

ரசமட்டம்

சுவருக்கு வருகிறேன். முதலில் சுவர் எதனால் ஆனது என்று தெரிய வேண்டும். திடச் செங்கல் அல்லது கான்கிரீட் என்றால் கவலையில்லை. உள்ளே வெற்றிடம் உள்ள பிளாக் என்றால் சாதாரண ஆங்கர் போல்ட் பிடிக்காது. வலைக்குழல் வைத்த கெமிக்கல் ஆங்கர் (பசை செலுத்திப் பிடிக்க வைக்கும் போல்ட்) வேண்டும்.

எடைக் கணக்கு: 900 × 500 × 20 கிரானைட் சுமார் 24 கிலோ. பேசினும் குழாயும் 12. மூடுபலகை, ட்ராயர், சேனல் எல்லாம் சேர்ந்து பெட்டி 35. உள்ளே வைக்கிற பொருள் 20. மொத்தம் 90 கிலோ சுமார். இதன் மையம் சுவரிலிருந்து 250 மி.மீ. ஆனால் இது பெரிய விஷயமே இல்லை. ஒருவர் முன் விளிம்பில் கையூன்றி முழு எடையையும் போட்டால் 100 கிலோ, 500 மி.மீ தூரத்தில். பெட்டி தன் அடி விளிம்பை ஊன்றிக்கொண்டு முன்னால் கவிழப் பார்க்கும். மேல் வரிசைப் போல்ட்கள் அடியிலிருந்து 400 உயரத்தில் இருந்தால், அவற்றின் மேல் வெளியே இழுக்கிற விசை:

(90 × 250 + 100 × 500) ÷ 400 = சுமார் 181 கிலோ.

நான்கு போல்ட் என்றால் ஒன்றுக்கு 45 கிலோ. சுவர் சீராக இல்லாததால் நான்கும் சமமாகச் சுமக்காது, ஆகவே ஒவ்வொன்றும் நான்கு மடங்கு, அதாவது 180 கிலோ இழுவையைத் தாங்குகிற வகையாகத் தேர்ந்தெடுங்கள். கீழ்ச் சட்டத்தில் இரண்டு போதும், அங்கே இழுவை இல்லை, பெட்டி சுவரை அழுத்தத்தான் செய்யும்.

போல்ட் நீளத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சட்டம் 18, டைலும் அதன் கலவையும் 30. ஆக 48 மி.மீ தாண்டிய பிறகுதான் சுவர். 75 மி.மீ போல்ட் போட்டால் சுவருக்குள் 27தான் போகும். 100 போடுங்கள், விரிகிற பகுதி முழுதும் செங்கல்லுக்குள் இருக்கட்டும். டைலுக்குள் விரிந்தால் அன்றே டைல் பிளக்கும்.

துளை போடும்போது டைல் முடியும்வரை ஹாமரை அணைத்துவிட்டு டைமண்ட் பிட்டில், தண்ணீர் விட்டுக்கொண்டு போங்கள். ஆங்கிள் காக்குக்கு நேர் மேலும் பக்கவாட்டிலும் உள்குழாய் ஓட வாய்ப்பு அதிகம். டைல் ஒட்டும் முன் எடுத்த படம் இருந்தால் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் குழாய் கண்டறியும் கருவியால் பார்த்துவிட்டுத் துளையுங்கள்.

சட்டம் பக்கப்பலகையோடு சேர்கிற மூட்டும் அதே 181 கிலோவைச் சுமக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். வெறும் முட்டு மூட்டும் திருகும் போதாது. பக்கப்பலகையில் 8 மி.மீ ஆழக் காடி எடுத்து, அதில் சட்டத்தை நுழைத்து, நீர்தாங்கும் பசை போட்டு, அப்புறம் திருகு.

மூடுபலகையை 480க்குப் பதில் 490 ஆழத்தில் வெட்டி வையுங்கள். டைல் சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக இருக்காது. அந்த 10 மி.மீயைச் சுவரின் வளைவுக்கு ஏற்ப இழைத்துச் சேர்த்தால் சிலிக்கோன் கோடு மெல்லியதாக வரும்.

---

மரத்தூள்

@உளிமுனை பலகை சரி. ஆனால் ப்ளைவுட்டின் தரம் நடுப்பகுதியைத்தான் காக்கும், வெட்டு விளிம்பை நீங்கள்தான் காக்க வேண்டும். குழாய்க்கான துளை, கோலா பள்ளம், யு வெட்டின் உள் விளிம்பு, பெட்டியின் அடிப்பரப்பு எல்லாவற்றுக்கும் பி.யு (பாலியூரிதேன்) சீலர் இரண்டு கோட். லேமினேட்டில் வெள்ளையை உள்பக்கம் ஒட்டினாலும் பரவாயில்லை, ஒரு பக்கம் மட்டும் ஒட்டிவிட்டு மறுபக்கத்தைப் பெயின்டில் விடாதீர்கள், முகப்பு வளையும். தரை கழுவும்போது அடிப்பக்கம் தெறித்து நனையும் என்பதால் அங்கே எட்ஜ் பேண்ட் 2 மி.மீ.

கல்லுக்கும் சுவருக்கும் நடுவே நியூட்ரல் சிலிக்கோன் மட்டும். புளிப்பு வாடை வருகிற வகை சுண்ணாம்புத்தன்மை உள்ள கல்லையும் கண்ணாடியின் ரசத்தையும் அரிக்கும். கோலா புரொஃபைலின் பாதுகாப்புத் தாளைச் சிமென்ட், க்ரௌட் வேலை முழுதும் முடிந்த பிறகு உரியுங்கள், சிமென்ட் பட்டால் அனோடைஸ் பூச்சில் கறை விழும், போகாது. புரொஃபைல் முனை பக்கப்பலகையைத் தொடுகிற இடத்தில் ஒரு சொட்டு சிலிக்கோன்.

வேலையை ஒப்படைக்கும்போது வாடிக்கையாளரிடம் ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள்: ஆசிட் கலந்த டாய்லெட் க்ளீனரை இந்த ட்ராயரில் வைக்கக்கூடாது. மூடி இறுக்கமாக இருந்தாலும் ஆவி கசியும். மூடிய பெட்டிக்குள் அது சுற்றிச் சுற்றிச் சேனலின் ஜிங்க் பூச்சைத் தின்றுவிடும்.

---

உளிமுனை

சுவர் திடச் செங்கல்தான், உறுதி செய்துவிட்டேன். கடைசியாக ஒன்று: முகப்பைப் பட்டறையிலேயே பொருத்திக் கொண்டுபோகலாமா, கல் வைத்த பிறகா?

---

பைப்பும்பலகையும்

பட்டறையில் ஒருமுறை பொருத்தி, 2 மி.மீ இடைவெளி இரண்டு பக்கமும் வருகிறதா என்று பார்த்துக் கழற்றிவிடுங்கள். தளத்தில் பெட்டியை மாட்டி, கல்லும் பேசினும் ஏற்றி, ஒரு நாள் விட்ட பிறகு முகப்பை மாட்டுங்கள். எடை ஏறினதும் பெட்டி ஒரு மி.மீயாவது இறங்கி உட்காரும். முன்பே சீர்செய்த இடைவெளி அப்போது கோணலாகிவிடும். சேனலின் முன் க்ளிப்பில் உயரத்துக்கும் பக்கத்துக்கும் திருகி உண்டு, கடைசி ஒன்றிரண்டு மி.மீயை அதில் பிடியுங்கள்.

முகப்பு மாட்டும் முன் பேசினை அடைத்து விளிம்புவரை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். கழிவு இணைப்பு, ட்ராப் மூட்டு, ஹோஸ் நட் மூன்றின் அடியிலும் உலர்ந்த டிஷ்யூ சுற்றிப் பத்து நிமிடம் காத்திருந்து பாருங்கள். கசிவு இருந்தால் இப்போது கை நுழையும்.

---

உளிமுனை

குறித்துக்கொண்டேன். 400 சேனல், 786 உள் அகலம், யு 260 × 253, போல்ட் 100. பேசினைக் கையில் வாங்கிக் கழிவுத்துளையை அளந்த பிறகே யுவை வெட்டுகிறேன். அளவு மாறினால் இங்கேயே போடுகிறேன்.